மூன்று இறகும் பதினொரு மீனும்

முருகனிடம் திருடியவன் என்று என்னைச் சொல்லலாம். சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் திருடுவதற்கு முன்னால் நான் இரண்டு கடைகளில் ஏறி இறங்கினேன் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

விஷயம் மூன்று மயிலிறகு. எங்களுக்குக் கலியாணமாகி ஆறு வருடம் பிள்ளை இல்லை. கொழும்பில் இரண்டு டொக்டர்மார் பார்த்துவிட்டு, இரண்டு பேரிலும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அதனால் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. 1973 ஆடி மாதம், சிட்னிக்கு வர டிக்கெட் எல்லாம் எடுத்த பிறகு, என் மனைவி சத்தியபாமா என்னைக் கதிர்காமத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மூன்று மயிலிறகு வாங்கிச் சந்நிதியில் வைத்து எடுத்தாள். அடியில் மஞ்சள் தோய்த்த நூலால் தன் கையாலேயே கட்டினாள். பிள்ளை பிறந்தால் பிள்ளையோடு வந்து இதே மூன்று இறகையும் திருப்பி வைப்பேன் என்று சத்தமாகவே நேர்ந்துகொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். காதில் விழவில்லை என்று சொல்ல வழியில்லை.

சிட்னி விமான நிலையத்தில் மாங்காய் ஊறுகாயைப் பறித்து வைத்துக்கொண்டார்கள். கூறைச் சேலைக்குள் சுற்றியிருந்த இறகு தப்பிவிட்டது. நார்த்மீட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில் துவாய், படுக்கை விரிப்பு வைக்கும் அலுமாரி ஒன்று இருந்தது. அதுதான் சாமியறை ஆனது. மேல்தட்டில் முருகன் படம், அதன் முன் செம்பு, செம்புக்குள் மூன்று இறகு. கீழ்த்தட்டில் துவாய். அந்த வருடம் முழுக்க நான் சாம்பிராணி மணத்தோடுதான் வேலைக்குப் போனேன்.

வேலை, அணைக்கட்டுகளுக்கு மண் பரிசோதிக்கும் வேலை. பக்கத்து மேசைக்காரன் பெயர் கெவின். என் வயதுதான். காலையிலிருந்து பின்னேரம் வரை அவன் வாயில் வருவது ட்ரவுட் மீன் ஒன்றுதான். அந்த மீனைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் நுவரெலியாவில் துரைமார் அதைப் பிடிக்க ஆறு மணிக்கே எழும்புவார்கள் என்பதுதான். எனக்கு அது பெரிய விசர் வேலையாக, பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை கெவின் என்னை ஆறு மணித்தியாலம் காரில் ஏற்றிக்கொண்டு போய், மலைமேல் இருக்கும் ஈயுகம்பின் ஏரிக்கரையில் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் இறக்கிவிட்டான். அன்றோடு எனக்கும் விசர் பிடித்தது.

அது சாதாரணத் தூண்டில் இல்லை. புழு இல்லை, இறால் இல்லை. சின்னத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி, பூச்சி போல ஒன்றைச் செய்ய வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் ஈக்கு இலையான் என்று பெயர், ஆகவே இது பொய் இலையான். அந்தப் பொய் இலையானைச் சவுக்கு வீசுவது மாதிரிப் பின்னும் முன்னும் வீசி, மீனின் மூக்குக்கு முன்னால் தூசு விழுவது போல விழுத்த வேண்டும். நான் வீசியது பெரும்பாலும் எனக்குப் பின்னால் நின்ற மரத்தில் விழுந்தது.

அந்த ஏரி மீன்கள் கோடையில் கறுத்த வண்டுகளை விரும்பித் தின்னும். வண்டு மாதிரிச் செய்வதற்கு மயிலிறகின் தும்பை விடச் சிறந்தது உலகத்தில் ஒன்றும் இல்லை. மூன்று நாலு தும்பை எடுத்து முள்ளில் சுற்றினால் பச்சையும் செம்பும் கலந்து மினுங்கும். கெவின் அதைக் கடையில் வாங்குவான். நானும் வாங்கினேன். 1974 ஐப்பசியில் துறைமுகத்தில் ஏதோ வேலைநிறுத்தம். பிளாக்டவுன் கடைக்காரன் கையை விரித்தான். பரமட்டாக் கடைக்காரன் அடுத்த கப்பல் என்றான். எனக்கோ அடுத்த நாள் ஏரிக்குப் போக வேண்டும்.

சத்தியபாமா குளித்துக்கொண்டிருந்தாள். நான் துவாய் எடுக்கத்தான் அலுமாரியைத் திறந்தேன், சத்தியமாக.

நாலு தும்புதான் எடுத்தேன். ஒரு இறகில் நூறு தும்பு இருக்கிறது, நாலு போனால் முருகனுக்கே தெரியாது என்று நினைத்தேன். அதைக் கட்டி எடுத்துக்கொண்டு போய், அதுவரை பத்து மாதத்தில் ஒரு மீன்கூடப் பிடிக்காத நான், முதல் வீச்சிலேயே இரண்டரை இறாத்தல் மீனைக் கரை சேர்த்தேன். கெவின் தொப்பியைக் கழற்றினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

மீனைச் சத்தியபாமாவிடம் கொண்டுவந்து கொடுத்தேன். வெட்டிப் புளி விட்டுக் காய்ச்சினாள்.

"சேறு மணக்குது," என்றாள்.

"மலைத் தண்ணி மீனப்பா அது. வெள்ளைக்காரன் தவம் கிடக்கிறான் அதுக்கு."

"அவன் பாரை மீன் திண்டிருக்க மாட்டான்."

என்றாலும் சாப்பிட்டாள். தலையைக் கறிவேப்பிலைக் கன்றின் அடியில் புதைத்தாள். சிட்னிக் குளிரில் நாலே இலையோடு நின்ற கன்று அது. தலை புதைத்த பிறகு துளிர்த்தது. அதனால் நான் மீன் கொண்டுவருவதில் அவளுக்கும் ஒரு பிரயோசனம் இருந்தது.

பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல எனக்கே வெட்கம். நாலு தும்பு எட்டானது, எட்டு இருபதானது. முதல் இறகின் ஒரு பக்கம் மொட்டையானதும் மொட்டைப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தேன். மற்றப் பக்கமும் போனதும் அந்த இறகை மற்ற இரண்டுக்கும் பின்னால் வைத்தேன். மாசி மாதம் வருவதற்குள், செம்புக்கு மேலே தெரிந்த நுனிக் கண் தவிர, மூன்றும் முடிந்தன. அதில் கட்டிய நாற்பது சொச்சம் இலையான்களில் முக்கால்வாசியை ஏரிக்கரை மரங்கள் வாங்கிக்கொண்டன. கதிர்காமத்து முருகனுக்கு இல்லாத அலங்காரம் அங்கே ஒரு யூகலிப்டஸ் மரத்துக்கு இருக்கிறது. மீன் என்று பார்த்தால் ஐந்து மாதத்தில் பதினொன்று. பதினொன்றுதானா என்று அப்போது எனக்குக் கவலை.

மாசியில் கப்பல் வந்தது. பிளாக்டவுன் கடையில் முழு இறகாக மூன்று வாங்கினேன். மறுபடி சத்தியபாமா குளிக்கும் நேரம். மஞ்சள் நூலை அவிழ்த்து, மொட்டைத் தண்டுகளை எடுத்துவிட்டு, புது இறகுகளை வைத்து அதே நூலால் கட்டிச் செம்பில் வைத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தண்டுகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. தூண்டில் தடி வைக்கும் குழாய்க்குள் போட்டு மூடினேன்.

சத்தியபாமா அன்று வழக்கம்போல விளக்கேற்றினாள், கும்பிட்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட நேரம் கும்பிட்டாள். அவ்வளவுதான். நான் பெருமூச்சு விட்டேன்.

ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை, வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம் குசினியிலிருந்து வந்து சொன்னாள்.

"டொக்டர் ஓம் எண்டிட்டார்."

எட்டு வருடம் காத்திருந்த செய்தி. நான் ஒரு சப்பாத்தோடு நின்று அழுதேன். அவளும் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாற ஆடியில பிள்ளையோட கதிர்காமம். இறகு மூண்டையும் குடுக்கவேணும்," என்றாள். நான் கழற்றிய சப்பாத்தைத் திரும்பவும் காலில் போட்டுக்கொண்டேன்.

அன்றோடு மீன்பிடியை விட்டேன். இலையான் பெட்டியைக் கெவினிடம் கொடுத்து, வைத்துக்கொள், பிறகு பார்க்கலாம் என்றேன். அவன் எனக்குச் சுகமில்லையோ என்று பயந்துபோய் ஒரு கேக் வாங்கி வந்தான்.

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்த இன்னொருவர் நரசிம்மன், திருச்சிக்காரர், முட்டைகூடத் தொடாத ஐயங்கார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"விக்னராஜா சார், நேர்ந்து வச்சதை எடுத்து உயிரைக் கொன்னிருக்கீங்க. அதுவும் பதினொண்ணு. நான் என்ன சொல்றது? எங்க பெருமாளா இருந்தா நான் கொஞ்சம் பேசிப் பார்ப்பேன். முருகன் உங்க டிபார்ட்மெண்ட்."

"வீட்டில சொல்லட்டோ?"

"மாசமா இருக்கிறவங்ககிட்டயா? பேசாம இருங்க."

பேசாமல் இருந்தேன். புரட்டாசி கடைசியில், ஐந்தாம் மாதம், சத்தியபாமாவுக்கு இரத்தம் பட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துவிட்டு, கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது, பிள்ளை தங்கலாம், தங்காமலும் விடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். என்னால்தான் என்று எனக்குத் தெரிந்தது. படித்தவன், மண்ணின் ஈரப்பதத்தை இரண்டு தசமதானத்துக்குக் கணக்குப் பார்க்கிறவன், ஆனாலும் என்னால்தான் என்று தெரிந்தது. அவள் கட்டிலில் கிடந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அலுமாரியைத் திறந்து முருகனைப் பார்க்கப் பயந்து, துவாய் இல்லாமல் ஈரத்தோடு திரிந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு எண்ணம் வந்தது. கெவினிடம் கொடுத்த பெட்டியில் கதிர்காமத்து இறகில் கட்டிய இலையான் இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் அந்த மூன்று தண்டையும் செம்பில் வைத்துவிட்டால் முழுத் திருட்டு அரைத் திருட்டாகும். கெவினுக்குப் போன் எடுத்தேன். அவன் மனைவி, அவன் ஏரிக்குப் போய்விட்டான், பெட்டியும் அவனோடுதான் என்றாள்.

நரசிம்மனின் மனைவி கலாவைச் சத்தியபாமாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு, நரசிம்மனின் காரில் புறப்பட்டோம். புறப்பட முன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏரிக்கு ஒருக்காப் போட்டு வாறன்."

இந்த நிலையில் மனைவியை விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போகிறவனை எந்தப் பெண்ணும் செருப்பால் அடிப்பாள். சத்தியபாமா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"ஓம், போட்டு வாங்கோ," என்றாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கெவின் கரையில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெட்டியைத் திறந்தேன். அந்த இலையான் இல்லை. கேட்டேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. உன் பெட்டியிலேயே அதுதான் அருமையான சாமான், அரை மணித்தியாலத்துக்கு முந்தி ஒரு பெரிய மீன் அதைக் கவ்வியது, நாலு இறாத்தலுக்குக் குறையாது, நூலை அறுத்துக்கொண்டு இலையானோடு போய்விட்டது என்றான். போன இடத்தையும் கையால் காட்டினான். அறுபது மைல் சுற்றளவு வரக்கூடிய ஏரி அது.

நான் அவன் தடியை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். நரசிம்மன் கரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தயிர்ச் சாதத்தைத் திறந்தார்.

"சார், அந்த மீனுதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? கழுத்துல முருகன் டாலர் போட்டிருக்குமா?"

"வாயில இருக்கும்."

"வாயைத் திறந்து காட்டுமா?"

எனக்கு விசர் ஏறியது. அன்று பின்னேரம் முழுக்கவும், அடுத்த நாள் காலை முழுக்கவும் வீசினேன். மரத்தில் ஒரு தரம்கூடப் படவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் வீசியதே இல்லை, கெவினே சொன்னான். மத்தியானத்துக்கு முன்னால் ஒரு மீன் பிடிபட்டது. கரைக்குக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் வாயைத் திறந்து, உள்ளே பார்த்தேன். நாக்கும் பல்லும்தான் இருந்தன. மன்னித்துக்கொள் என்று தமிழில் சொல்லித் தண்ணீரில் விட்டேன். கெவின் சாண்ட்விச்சைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அலுவலகத்தில் அவன் என்னிடம் எப்போதும் கொஞ்சம் மெதுவாகவே பேசினான்.

திரும்பி வரும் வழியில் கூல்பர்ன் தாண்டியதும் நரசிம்மன் சொன்னார். "சார், நான் முதல்ல சொன்னது தப்பு. போய்ச் சொல்லிடுங்க. இப்படி மீன் வாயைத் திறந்து பார்த்துக்கிட்டுத் திரியறதுக்கு, வீட்ல நாலு வார்த்தை வாங்கிக்கறது எவ்வளவோ மேல்."

வீட்டுக்கு வந்து, குழாயைத் திறந்து, மூன்று மொட்டைத் தண்டையும் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல் வராதது, முதல் நாலு தும்பு, சுவருக்குத் திருப்பி வைத்தது, பிளாக்டவுன் கடை. கெவினின் மீனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அறுத்துக்கொண்டு போன மீனைத் தேடி இரண்டு நாள் வீசினேன் என்றால் என்ன நினைப்பாள்? ஏரிக்கு மனம் ஆறப் போனேன் என்று சொல்லி முடித்தேன்.

சத்தியபாமா மூன்று தண்டையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தச் செம்பை எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றாள்.

கொண்டுவந்தேன். இறகுகளை எடுத்து அடியைக் காட்டினாள்.

"இது ஆர் கட்டின முடிச்சு?"

பார்த்தேன். நூல் ஒழுங்காகச் சுற்றி, நுனி உள்ளே போய், முடிச்சு எங்கே என்றே தெரியாமல் இறுகிக் கிடந்தது. இலையான் கட்டி முடிக்கும்போது கடைசியில் போடுகிற முடிச்சு. கை பழகிவிட்டது, தன்பாட்டில் போட்டிருக்கிறது.

"நான் கட்டினது இரட்டை முடிச்சு, நுனி வெளியில தொங்கும். ரெண்டு வருசம் ஒவ்வொரு நாளும் கும்பிட்டனான். எனக்குத் தெரியாதோ?"

"எப்ப கண்டனீர்?"

"நீங்கள் கட்டின அண்டைக்கே. மாசியில."

கதிரையில் உட்கார்ந்தேன். "ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தனான். எட்டு மாசம் எடுத்திருக்கு உங்களுக்கு. வெக்கமா இல்லையோ?" இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ஒரு பிள்ளைக்காக நேர்ந்து வச்சதப்பா. உங்களுக்கு அது பூச்சி கட்டுற சாமானோ? அண்டைக்கு அந்த அலுமாரிக்கு முன்னால நிண்டு நான் எவ்வளவு அழுதனான் எண்டு தெரியுமோ?"

நான் அவள் கையைப் பிடித்தேன், அவள் இழுத்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்தாள். பிறகு, அரிசி முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"நீங்கள் பயப்பிடாதேங்கோ. அண்டைக்கே நான் முருகனிட்டை நேர்த்தியை மாத்திப்போட்டன். இறகைக் கொண்டுவர ஏலாது, இறகு எடுத்த ஆளைக் கொண்டுவாறன் எண்டு சொன்னனான். மூண்டாம் மாசம் வயித்தில தங்கினது. அப்ப அவருக்கு அது சம்மதம் எண்டுதானே அர்த்தம்?"

"என்னைக் கொண்டுபோய் என்ன செய்யிறது?"

"செடில்."

செடில் என்றால் காவடியில் ஒரு வகை. முதுகுத் தோலில் வரிசையாக முள் குத்தி, முள்ளில் கயிறு கட்டி, பின்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்து இழுக்க, முன்னால் நாம் ஆட வேண்டும். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இதைப் போய்ச் செய்கிறார்களே என்று நினைத்திருக்கிறேன்.

"எத்தினை முள்ளு?" என்று கேட்டேன்.

"அதை அங்க போய்ச் சொல்லுறன்."

பிள்ளை தங்கியது. 1976 மாசியில் பெண் பிள்ளை பிறந்தது, ஏழு இறாத்தல். பெயரைச் சத்தியபாமாவே முடிவு செய்தாள், மயூரி. என்னிடம் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நானும் இருக்கவில்லை.

ஆடி மாதம் கதிர்காமம் போனோம். சத்தியபாமாவின் தமையன் தேவராஜா கயிறு பிடிப்பதற்கென்றே யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருந்தார். என்னைக் கலியாணத்திலிருந்தே அவருக்குப் பிடிக்காது. அன்று காலை அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"மச்சான் பயப்பிடாதையும். நான் விட்டு விட்டுத்தான் இழுப்பன்," என்றார். முள்ளில் மாட்டிய மீனை இழுக்கக் கெவினும் எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தான்.

மாணிக்க கங்கையில் முழுகி, ஈர வேட்டியோடு வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முள் குத்துகிறவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒரு முள்ளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கழற்ற விடாமல் பிடிக்கும் எதிர்முள் அதில் இல்லை. என் மீன்களுக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை.

"எத்தினை?" என்று அவர் கேட்டார். என்னிடம் இல்லை, மயூரியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற சத்தியபாமாவிடம்.

"பதினொண்டு," என்றாள்.

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பதினொன்றையும் வெட்டியது அவள், காய்ச்சியது அவள், தலைகளைக் கன்றுக்கடியில் புதைத்தது அவள். மீன் அதிகம் பிடித்துவிட்டேனே என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கவலைப்பட்டேன்.

அவர் விபூதியை என் முதுகில் பூசினார். குளிர்ந்தது. தோலைக் கிள்ளி முதல் முள்ளுக்கு இடம் பார்த்தார்.

"பொறுங்கோ," என்றேன். "பன்னிரண்டு."

சத்தியபாமா என் முன்னால் வந்து நின்றாள். "எந்தப் பன்னிரண்டு?"

"ஒண்டு அறுத்துக்கொண்டு போட்டுது. கெவினிட்ட. அதைத் தேடித்தான் அண்டைக்கு ஏரிக்குப் போனனான். உமக்குச் சொல்லேல்லை. அதின்ர வாயில இப்பவும் கிடக்கு."

அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பிறகு குனிந்து என் கையைப் பிடித்தாள். போன புரட்டாசியில் இழுத்துக்கொண்ட கை அது.

"அப்ப பன்னிரண்டு," என்று முள் குத்துகிறவருக்குச் சொன்னாள்.

அவர் பெட்டிக்குள் கைவிட்டு இன்னொரு முள்ளை எடுத்து, வேட்டித் தலைப்பில் துடைத்து, மற்றப் பதினொன்றோடு வைத்தார்.